தமிழ் வலைப்பூவின் தோற்றத்தை மாற்ற விரும்புபவர் எதை முதலில் தேட வேண்டும்?

வணக்கம். நீங்கள் கேட்டதை ஒருமுறை தொகுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கூகலின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் பல ஆண்டுகளாகத் தமிழில் எழுதிவருகிறீர்கள். பாட்டியின் சமையல் குறிப்புகளும் சிங்கப்பூரின் பழைய கம்பங்கள் என்ற கிராமக் குடியிருப்புகளைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளும் அதில் உள்ளன. பக்கத்தின் தோற்றம் பழையதாகிவிட்டது. கைத்தொலைபேசியில் படிப்பவர்கள் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள். ஆகவே இலவச டெம்ப்ளேட் (பக்கத்துக்கான ஆயத்தத் தோற்ற அமைப்பு), எழுத்துரு, நிறம், படம் ஆகியவை கிடைக்கும் நல்ல தளங்களைச் சொல்லுமாறு கேட்டிருக்கிறீர்கள். தளங்களின் பெயர்களைத் தருகிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் இறுதியில், இறக்கிப் பார்த்த டெம்ப்ளேட் எதுவும் மாதிரியில் இருந்ததுபோல உங்கள் பக்கத்தில் வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உண்மையான சிக்கல் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு விடை தெரியாமல் எத்தனை தளங்களுக்குப் போனாலும் இதே ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சிங்கப்பூரில் தமிழ் அச்சுப் பக்கங்களையும் பிறகு இணையப் பக்கங்களையும் வடிவமைப்பதில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் நிரலாளன் அல்லன். எனவே இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ் பற்றி இங்கே சொல்வதெல்லாம் வடிவமைப்பாளர் ஒருவருக்குத் தேவையான அளவில்தான் இருக்கும். உறுதியாகச் சொல்லக்கூடியதையும் என் கண்ணுக்குச் சரியென்று படுவதையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறேன்.

மாதிரியில் கண்ட அழகு உங்கள் பக்கத்தில் ஏன் வரவில்லை என்பதற்கு உறுதியான காரணம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை வைத்தே செய்யப்பட்டவை. அவற்றின் மாதிரிப் பக்கத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் மேலே சிறு எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, ஒரு பகுப்புப் பெயர் இருக்கும். மேற்கோள் சாய்வெழுத்தில் இருக்கும். நம் கண்ணைக் கவர்பவை பெரும்பாலும் இந்த மூன்றும்தான். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. சாய்வெழுத்து பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் வரையப்படவில்லை. உலாவியே நேரெழுத்தைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டுகிறது, அதனால் சுழிகள் கோணலாகத் தெரிகின்றன. எழுத்திடைவெளியைக் கூட்டினாலோ, மெய்யோடு ஒட்டி நிற்க வேண்டிய கொம்பும் காலும் விலகித் தெரிந்து சொல் சிதறியதுபோல் ஆகிவிடக்கூடும். ஆகவே எந்த டெம்ப்ளேட்டை எடுத்தாலும் இந்த மூன்று ஒப்பனைகளையும் மனத்தளவில் நீக்கிவிட்டு, மிச்சமிருப்பது பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரையில் பாதிக்கு மேற்பட்டவை அந்த இடத்திலேயே தள்ளுபடியாகிவிடும்.

சொல்லின் நீளம் அடுத்த சிக்கல். ஆங்கில மாதிரித் தலைப்பில் மூன்று நான்கு குறுஞ்சொற்கள் இருக்கும். உங்கள் பக்கத்திலோ ‘தேங்காய்ப்பாலில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு’ என்பதுபோல ஒரு தலைப்பு வரும். 40 பிக்சல் அளவில் ‘மரவள்ளிக்கிழங்கு’ என்ற ஒரே சொல் சிறிய கைத்தொலைபேசித் திரையின் அகலத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். சற்றே அகலமான எழுத்துருவாக இருந்தால் திரைக்கு வெளியே நீண்டு, முழுப் பக்கமும் இடவலமாக ஆடத் தொடங்கும். கைத்தொலைபேசியில் தலைப்பை 26 அல்லது 28 பிக்சலுக்குக் குறைப்பதும், நீளமான சொல்லை மடக்க அனுமதிக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் என்ற சிஎஸ்எஸ் பண்பைச் சேர்ப்பதும் இதற்குப் போதும். டெம்ப்ளேட்டை எடைபோடும்போது அதனுடன் வரும் மாதிரி வாசகத்தை நம்பாமல், உங்களுடைய மிக நீளமான தலைப்பையும் மிக நீளமான கட்டுரையையும் அதில் இட்டுப் பாருங்கள்.

இதனால்தான் எழுத்துருவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். எழுத்துருவை முடிவுசெய்தபின் வரியின் அகலம், வரியிடைவெளி, தலைப்பின் அளவு ஆகியவை தாமாக அமைந்துவிடும். அவற்றுக்கு இடங்கொடுக்கும் டெம்ப்ளேட்டைக் கடைசியில் தேடினால் போதும். கூகல் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழியைத் தமிழ் என்று தெரிவுசெய்தால் தமிழுக்கென வரையப்பட்டவை மட்டும் வரும். அங்குள்ளவற்றில் பெரும்பான்மை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வெளியானவை. சொந்தத் தளத்திலும் வணிகத் தளத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், கோப்பை இறக்கி உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நீண்ட வாசிப்புக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ் ஆகிய மூன்றையும் முதலில் பரிந்துரைப்பேன். முக்தா மலரில் ஏழு தடிமன்கள் உள்ளன, ஹிந்த் மதுரையில் ஐந்து. தலைப்புக்குக் காட்டமரான் நன்றாக நிற்கும். அனேக் தமிழ் மாறும் எழுத்துரு என்பதால், தடிமனை மட்டுமன்றி அகலத்தையும் குறைக்க முடியும். மேலே சொன்ன நீண்ட தலைப்புச் சிக்கலுக்கு அதுவே நல்ல மருந்து. கவிவனார், அரிமா, காய்னி போன்றவை அழகானவைதாம், ஆனால் அவற்றைத் தளத்தின் பெயருக்கும் ஓரிரு தலைப்புக்கும் மேல் பயன்படுத்த வேண்டாம். இவை என் தேர்வுகள். வேறொரு வடிவமைப்பாளர் வேறு பெயர்களைச் சொல்லலாம், அதிலும் தவறில்லை.

எழுத்துருவைத் தெரிவுசெய்யும்போது ‘அம்மா’, ‘தமிழ்’ போன்ற சொற்களை அடித்துப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ‘தொண்ணூறு’, ‘கௌரவம்’, ‘ஸ்ரீரங்கம்’, ‘பக்ஷணம்’, ‘மூச்சு’, ‘ஹூக்கா’ என்று அடித்துப் பாருங்கள். ணூ, மூ போன்ற எழுத்துகளின் கீழ்வளைவு அடுத்த வரியைத் தொடுகிறதா, ர என்ற எழுத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரிகிறதா, மெய்யின் புள்ளி சிறிய அளவிலும் மறையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். வயதானவர்கள் படிக்கும் பக்கத்தில் புள்ளி தெரியாவிட்டால் சொல்லே மாறிவிடும். சிங்கப்பூரில் எழுதும் நாம் சாலைப் பெயரையும் நிறுவனப் பெயரையும் அவ்வப்போது ஆங்கிலத்தில் எழுதுவதால், இரண்டு எழுத்தும் அருகருகே நிற்கும் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் ஒடுங்கியும் தெரிந்தால் அந்த எழுத்துரு உங்களுக்குப் பொருந்தாது.

எழுத்துருவைக் குறிப்பிடாமல் விட்டாலும் பக்கம் தெரியத்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், ஆனால் விண்டோஸ் கணினியில் நிர்மலா யுஐ, ஆப்பிள் கருவியில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகத்தோடு தெரியும். நீங்கள் உங்கள் கணினியில் பார்த்துச் சரிசெய்த வரியிடைவெளி வாசகரின் கையில் வேறாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ‘இலவசத் தமிழ் எழுத்துரு’ என்று தேடினால் பாமினி, டாம், டாப் முதலான பழைய குறியாக்க எழுத்துருக்கள் குவியும். அவை யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கம் பரவலாவதற்கு முந்தைய ஏற்பாடுகள், அச்சுக்கு இன்னமும் சிலர் பயன்படுத்துகிறார்கள், இணையப் பக்கத்துக்கு உதவா. அந்தக் குறியாக்கக் குழப்பத்தைத் தீர்க்க வழி தேடி 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது சிங்கப்பூரில்தான் என்பதையும், அதற்கு முன்னின்று உழைத்தவர் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி என்பதையும் இங்கே நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். உங்கள் பழைய இடுகைகள் ஏதேனும் அத்தகைய குறியாக்கத்தில் இருந்தால், தோற்றத்தைத் தொடும் முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

அளவுகளுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்பது வடிவமைப்பாளர்களிடையே நிலைத்துவிட்ட வழக்கம். தமிழுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் நம் எழுத்துகளின் அகலம் கூடுதல், ட-வுக்கும் ணௌ-வுக்கும் உள்ள வேறுபாடும் பெரிது. கணினித் திரையில் வரிக்கு ஆறு முதல் ஒன்பது சொற்கள், எழுத்தின் அளவு 18 பிக்சல், வரியிடைவெளி எழுத்தளவின் 1.7 மடங்கு என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் இடம். மேலே இகரத்தின் விசிறியும் மெய்யின் புள்ளியும் கீழே உகரச் சுழியும் வருவதால், ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் இருக்கும் 1.4 மடங்கு நமக்கு நெருக்கமாகவே இருக்கும். இந்த எண்களை விதியாகக் கொள்ளாமல், உங்கள் எழுத்துருவை வைத்துச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகவே சொல்வேன்: இருபுறமும் சமமாக நிரப்பும் ஜஸ்டிஃபை அமைப்பைக் கைத்தொலைபேசிக்கு வைக்காதீர்கள். 18 பிக்சல் எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே விழும். அவற்றை இழுத்து நிரப்பும்போது சொற்களுக்கிடையே பெரிய வெற்றிடங்கள் தோன்றும். அச்சில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வசதி நமக்கு இருந்தது. இணையத்தில் எல்லா உலாவியிலும் அது தமிழுக்கு வாய்க்கும் என்று நம்பி இறங்க முடியாது.

டெம்ப்ளேட்டைப் பொறுத்தவரை, பிளாகரிலேயே இருக்க விரும்பினால் அதற்குள்ளேயே கிடைக்கும் கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். அவை 2017இல் வந்தவை. கைத்தொலைபேசித் திரைக்கேற்பத் தாமே வளைந்துகொடுப்பவை. அவற்றில் ஒன்றை எடுத்து, தீம் (டெம்ப்ளேட்டுக்கு இன்னொரு பெயர்) பகுதியில் சிஎஸ்எஸ் சேர்க்கும் பெட்டியில் எழுத்துரு, அளவு, வரியிடைவெளி ஆகியவற்றுக்கான சில வரிகளை மட்டும் எழுதினாலே உங்கள் குறைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடலாம். 2017க்கும் முந்தைய பிளாகர் டெம்ப்ளேட்டுகள் கைத்தொலைபேசிக்கெனத் தனித் தோற்றம் ஒன்றை வைத்திருந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். கணினியில் நீங்கள் செய்த மாற்றம் கைத்தொலைபேசியில் தெரியவில்லையென்றால் அந்த அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால், வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தின் தீம் தொகுப்பில் ‘அக்ஸசிபிலிட்டி ரெடி’ (உடற்குறையுள்ளோரும் பயன்படுத்த ஏற்றது) என்ற குறிச்சொல்லை வைத்து வடிகட்டுங்கள். அந்தக் குறிச்சொல் பெற, விசைப்பலகைப் பயன்பாடு, நிற வேறுபாடு போன்றவற்றில் கூடுதல் சோதனையைத் தாண்ட வேண்டும் என்பதால், ஒழுங்காகக் கட்டப்பட்டவை மேலே வரும்.

பிளாகருக்கான இலவச டெம்ப்ளேட் தளங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பெயர் சொல்லி எதையும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் நல்லதும் கெட்டதும் ஒரே தளத்தில் கலந்திருக்கின்றன. அதைவிட, இறக்கிய கோப்பை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன். கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். ஸ்கிரிப்ட் பகுதிகளில் படிக்கவே முடியாத எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட சரம் இருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று பொருள். சிலவற்றில் அது அடிக்குறிப்பில் உள்ள வடிவமைப்பாளர் பெயரை நீக்கினால் பக்கத்தை வேறு தளத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடாக இருக்கும். சிலவற்றில் உங்கள் வாசகருக்கு விளம்பரம் காட்டும் ஏற்பாடாக இருக்கும். அத்தகைய கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கட்டண வேர்ட்பிரஸ் தீம்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களையும் அடியோடு தவிர்த்துவிடுங்கள்.

எதை மாற்றும் முன்பும் இரண்டு காப்புப் பிரதிகள் எடுங்கள்: தீமுக்கு ஒன்று, இடுகைகளுக்கு ஒன்று. புதிய தீமை ஏற்றும்போது பக்கவாட்டில் நீங்கள் சேர்த்திருந்த கேட்ஜெட்டுகள் எனும் சிறு பெட்டிகள் சில காணாமல் போகக்கூடும் என்பதால், அவற்றின் உள்ளடக்கத்தையும் தனியே நகலெடுத்து வையுங்கள். பிறகு அதே கணக்கில் இன்னொரு வலைப்பூவைத் திறந்து, தேடுபொறிக்குத் தெரியாதவாறும் நீங்கள் மட்டும் பார்க்குமாறும் அமைத்து, பழைய இடுகைகளை அதில் இறக்கிச் சோதனையை அங்கே நடத்துங்கள். ஒரு கணக்கில் நூறு வலைப்பூ வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் இதற்குத் தடையில்லை. இவ்வாறு செய்தால் உங்கள் வாசகர்கள் அரைகுறைத் தோற்றத்தைப் பார்க்க நேராது.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் கருவி உங்கள் உலாவியிலேயே இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கணினியில் திறந்து, ஒரு பத்தியின்மீது வலது சொடுக்கி ‘இன்ஸ்பெக்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே என்ன எழுத்துரு, என்ன அளவு, என்ன வரியிடைவெளி என்று எல்லாமே தெரியும். உங்கள் சொந்தப் பக்கத்தில் அதே கருவியைத் திறந்து எண்களை மாற்றினால் விளைவு அந்தக் கணமே திரையில் தெரியும். பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும், எதுவும் கெடாது. கைத்தொலைபேசியின் அகலத்தில் பார்க்கும் வசதியும் அதிலேயே உண்டு. ஒரு மாலைப்பொழுது இதில் செலவிட்டால் பத்து டெம்ப்ளேட் தளங்களில் அலைவதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள். அதில் வரும் ஒவ்வொரு பண்பும் எதற்கு என்று அறிய எம்டிஎன் வெப் டாக்ஸ் என்ற மொசில்லாவின் தளம் நம்பகமானது. ஒரே உள்ளடக்கத்தைச் சிஎஸ்எஸ் மட்டும் எவ்வளவு வேறுபடுத்திக் காட்ட முடியும் என்பதைக் காண, டேவ் ஷே 2003இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தைப் பாருங்கள். அங்குள்ள நுட்பங்கள் பல பழையவை என்றாலும் அதன் அடிப்படை எண்ணம் இன்றும் செல்லும்.

நிறத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை அல்லது வெளிர் பின்னணி, அடர்ந்த எழுத்து, இணைப்புக்கும் தலைப்புக்கும் ஒரே ஒரு தனி நிறம் போதும். அந்த நிறத்தை உங்கள் முகப்புப் படத்திலிருந்தே அடோபி கலர் தளத்தின் உதவியால் எடுத்துக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டுகளில் பெரிதும் காணப்படும் வெளிர் சாம்பல் எழுத்தை மட்டும் கட்டாயம் மாற்றுங்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற சாம்பல் நிறம் 4.54 பெற்றுத் தேறும். அதைவிட இம்மியளவு வெளிறிய 777777 நிறமோ 4.48 பெற்றுத் தவறும். வெப்எய்ம் தளத்தின் சோதனைக் கருவியில் இரண்டு நிறங்களைக் கொடுத்தால் விடை உடனே வந்துவிடும். எம்ஆர்டி ரயில் மேல்தளப் பாதையில் ஓடும்போது வெயில் விழும் திரையில் படிக்கும் வாசகரை நினைத்து, 4.5 என்பதோடு நிற்காமல் 7க்கு மேல் வைத்துக்கொள்ளும்படி நான் சொல்வேன்.

படங்களில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரைகள் பழைய சிங்கப்பூரைப் பற்றியவை. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பிலும், தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்புகளிலும், தேசிய மரபுடைமைக் கழகத்தின் ரூட்ஸ் தளத்திலும் கம்பங்கள், சந்தைகள், சிராங்கூன் சாலை முதலியவற்றின் படங்கள் ஏராளம். அவை பார்வைக்குத் திறந்திருக்கின்றன என்பதால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமைக் குறிப்பு இருக்கும். அதைப் படித்து, தேவையானால் அனுமதி கேளுங்கள். 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைப்பாளரை அடையாளம் காட்ட வேண்டும் என்ற உரிமையைப் படைப்பாளருக்குத் தந்திருக்கிறது. உங்கள் குடும்பப் படமாக இருந்தாலும் எடுத்தவர் பெயரைப் போடும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். பொதுவான உணவுப் படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ், ஓப்பன்வெர்ஸ் ஆகியவற்றில் தேடலாம். ஆனால் பாட்டியின் குறிப்புக்கு உங்கள் அடுப்பங்கரையிலேயே சன்னல் வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு ஈடாக எதுவும் வராது என்பது என் எண்ணம்.

பக்க அமைப்பில் கண்ணைப் பழக்க விரும்பினால், தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டுங்கள். சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும். நீண்ட தமிழ்த் தலைப்பை எந்தச் சொல்லில் உடைத்து இரண்டு வரியாக்கியிருக்கிறார்கள் என்பதை அவற்றில் கவனித்தால் எந்த ஆங்கில வழிகாட்டியும் தராத பாடம் கிடைக்கும். வடிவமைப்பு நூல்களுக்கு ஆர்ச்சர்ட்கேட்வே கட்டடத்தில் உள்ள நூலகம் ஏற்றது, போகும் முன் அது திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014இல் அங்கே திறக்கப்பட்டபோதே வடிவமைப்பை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டது அது. அரசு பயிற்சிக்காகத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் இணைய வடிவமைப்பு வகுப்புகளும் உண்டு, ஆனால் ஒரு சொந்த வலைப்பூவைச் சீர்செய்ய மட்டும் அதைச் செலவிட வேண்டியதில்லை.

ஒரு சிறு திருத்தம், எல்லாரும் மறந்துவிடுவது: டெம்ப்ளேட் கோப்பின் தொடக்கத்தில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தமிழ் என்று மாற்றுங்கள். பார்வைக் குறையுள்ளோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்தே எந்தக் குரலில் படிப்பது என்று முடிவுசெய்கிறது. தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் உங்கள் எழுத்தைக் காதால் படிப்பவருக்கு அது பெரிய உதவி.

இப்போது நீங்கள் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டின் பெயர் தீம் கோப்பின் முதல் சில வரிகளில் இருக்கும். அதையும், கைத்தொலைபேசியில் உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதற்கான ஒரு திரைப்படியையும் (ஸ்கிரீன்ஷாட்) இங்கே பதிந்தால், அதையே திருத்தினால் போதுமா, புதியது தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன். நீளமான தலைப்பு உள்ள இடுகையின் திரைப்படியாக இருந்தால் நல்லது.